உவர்மலையில போர்ட்ரெய்ட் எடுத்தம்: ஸ்டூடியோ எப்பிடி, போக முதல் என்ன ஆயத்தம் செய்யோணும்

திருகோணமலையில நல்லா படம் எடுக்கிற ஆக்களுக்குக் குறைவே இல்ல. கலியாணம், சாமத்தியவீடு, மார்பிள் பீச்சில ப்ரீஷூட் எண்டு வந்தா கொழும்புக்காரருக்குக் கொஞ்சமும் குறையாத வேலை செய்யுற பெடியள் இருக்காங்க. ஆனா ஒரு தனி ஆள் போய் எனக்கு வேலை விசயமா போடுறதுக்கு ஒரு நல்ல படம் வேணும் எண்டு கேட்டா கன இடத்தில நடக்கிறது பாஸ்போர்ட் படத்துக்கு நடக்கிற அதே கதைதான், பின்னால ஒரு திரை, ஸ்டூல்ல இருங்க, நிமிருங்க, ஃப்ளாஷ் அடிக்கும், முடிஞ்சுது, வெளிய போய் இருங்க. பாஸ்போர்ட்டுக்கு அது சரி, அது குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில பதிஞ்ச ஸ்டூடியோவில எடுத்து ஒன்லைன்ல அனுப்புற படம், முகம் நேரா இருக்கோணும் வாய் மூடி இருக்கோணும் நிழல் விழப்படாது எண்டு அதுக்கு அளவு கணக்கு எல்லாம் இருக்கு, ஆளை அடையாளம் காணுறதுக்குத்தான் அந்தப் படம். போர்ட்ரெய்ட் எண்டுறது பாக்கிற ஆளுக்கு இவ ஆர், இவவோட கதைக்கலாமா எண்டு ஒரு எண்ணம் வரப் பண்ற படம். ரெண்டையும் ஒரே ஸ்டூல்ல வைச்சு ஒரே லைட்டில எடுத்தா வராது.

நான் போனது உவர்மலைப் பக்கம் வீட்டோட சேந்த ஒரு சின்ன ஸ்டூடியோ. அண்ணன் படம் எடுக்கிறார், அவர்ட மனிசி அக்கா மிச்சம் எல்லாத்தையும் பாக்கிறாங்க. பேர் போட வேணாம் எண்டு அவங்களே கேட்டாங்க, இருக்கிறது ரெண்டே பேர், கூட ஆக்கள் வரத் தொடங்கினா ஒவ்வொருத்தரோடயும் இப்பிடி நேரம் எடுத்துக் கதைக்க ஏலாது எண்டு. அந்தக் கதைக்கிற நேரத்துக்காகத்தான் நான் இவ்வளவு நீளமா எழுதுறன். படம் எடுக்க முதல் செய்யுற ஆயத்தத்தை எங்கட தலையில போடாம தங்கட வேலையா எடுத்துச் செய்யுற ஒரு இடத்தை நான் இந்த ஊரில முதல்முதல் பாத்தது இங்கதான்.

எடுத்தது எனக்கும் அம்மாக்கும். எனக்கு ஒஃபிஸ் வெப்சைட்டுக்கும் லிங்க்ட்இன்னுக்கும். அம்மாக்கு ஏன் எண்டா அவவுக்கெண்டு வடிவா ஒரு படம் இல்ல. எங்கட பக்கம் எத்தின வீட்டில இதே நிலைமை எண்டு உங்களுக்கே தெரியும், 1990 இடப்பெயர்வில ஆல்பங்களை எல்லாம் விட்டுட்டு வெளிக்கிட்டது, மிஞ்சினதை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டு போனது. அம்மம்மான்ட முகத்தை எங்கட பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சுத்தான் வைச்சிருக்கிறம், அதில கண்ணே தெரியாது. ஆள் இருக்கும்போதே, நல்லா இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்து வைக்கோணும் எண்டுறதை நான் எல்லாருக்கும் சொல்லுவன், அதில அபசகுனம் ஒண்டும் இல்ல.

புக் பண்ண போன் எடுத்தா அக்கா உடன திகதி சொல்லேல்ல. முதல் கேள்வி படம் எங்க போடப் போறீங்க. இரண்டாவது, உங்களுக்கு உங்கட முகத்தில எந்தப் பக்கம் பிடிக்கும், பழைய படத்தில பிடிச்சது ஒண்டும் பிடிக்காதது ஒண்டும் வட்ஸ்அப்ல அனுப்புங்க. கண்ணாடி போடுறீங்களா, வெளிய போனா கறுக்கிற கண்ணாடியா. வேலை இடத்தில வழமையா என்ன உடுக்கிறீங்க. அம்மாவைப் பத்தியும் கன நேரம் கேட்டாங்க, எவ்வளவு நேரம் ஸ்டூல்ல இருக்க ஏலும், முழங்கால் வருத்தம் இருக்கா, படி ஏறுவாவா, காது கேக்குமா. அப்பா இல்ல எண்டு நான் சொன்ன உடன கொஞ்சம் நிப்பாட்டிட்டு, அம்மா பொட்டு வைக்கிறவங்களா தங்கச்சி, அவங்க எப்பிடி விரும்புறாங்களோ அப்பிடியே வாங்கோ, இங்க ஒருத்தரும் வையுங்க எண்டும் சொல்ல மாட்டம் வேணாம் எண்டும் சொல்ல மாட்டம் எண்டாங்க. இதை ஒரு ஸ்டூடியோவில முன்கூட்டியே யோசிச்சுக் கேக்கிறாங்க எண்டா அவங்களுக்கு எங்கட ஆக்களைத் தெரியுது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருந்து வாற முஸ்லிம் பொம்பிளைகளுக்கு அக்காவே கமெராவை எடுப்பாவாம், அண்ணன் அந்த நேரம் வீட்டுக்குள்ள வரவே மாட்டாராம்.

பேந்து வொய்ஸ் மெசேஜ்ல ஆயத்தம் எல்லாம் சொல்லி அனுப்பினாங்க. உடுப்பு விசயம்தான் எனக்குப் பெரிய பிரயோசனமா இருந்தது அதால கொஞ்சம் விரிவா சொல்லுறன். நெருக்கமான கோடு, சின்னச் சின்ன செக் போட்ட சட்டை வேணாம், கமெரா சென்சர்ல உள்ள புள்ளி வரிசையும் துணியில உள்ள கோடும் ஒண்டோட ஒண்டு மோதி படத்தில இல்லாத வளையம் வளையமான அலை வரும், அதைப் பிறகு கொம்பியூட்டர்ல எடுக்கிறது சரியான கஷ்டம். வெள்ளைச் சட்டையை விட கடும் நீலம், கும்குமச் சிவப்பு, கடும் பச்சை மாதிரி ஒரே நிறம் எங்கட தோலுக்கு எடுப்பா இருக்கும், வெள்ளைதான் வேலை இடத்து உடுப்பு எண்டா மேல ஒரு கோட் போடுங்க. சாறி எண்டா மினுங்கிற பட்டு வேணாம், லைட் பட்டு பளபளக்கும், பாக்கிற ஆள்ட கண் முகத்தை விட்டுட்டு போர்டருக்குப் போயிடும். அம்மா கலியாண வீட்டுக்கு உடுக்கிற காஞ்சிபுரத்தைத்தான் எடுத்து வைச்சிருந்தா, அதை விட்டுட்டு மருதமுனைக் கைத்தறி ஒண்டு, மங்கல் பச்சையில மெல்லிய கரை போட்டது, அதை உடுத்தா. படத்தைப் பாத்த எங்கட சொந்தக்காரர் எல்லாரும் முதல் சொன்னது அம்மான்ட முகம் எவ்வளவு தெளிவு எண்டுதான், சாறியைப் பத்தி ஒருத்தரும் கதைக்கேல்ல.

ரெண்டு மூண்டு உடுப்பு கொண்டு வரச் சொன்னாங்க, முதல் நாளே அயன் பண்ணி ஹேங்கர்லயே கொண்டு வாங்க, மடிச்சுப் பையில வைச்சா ஓட்டோவுக்குள்ள இருந்து வரக்கிடைல மடிப்பு விழுந்திடும். கழுத்துப் பக்கத்தையும் தோளையும் மட்டும் வடிவா பாத்தாக் காணும், படத்தில வாறது அதுதான்.

முகம், தலைமயிர். ஃபேஷியல், த்ரெட்டிங் எல்லாம் நாலைஞ்சு நாளுக்கு முதல் செய்து முடியுங்க, முதல் நாள் செய்தா சிவந்து போய் இருக்கும். ஆம்பிளையளுக்கும் அதேதான், சலூனுக்கு முதல் நாள் போனா காதுப் பக்கம் வெட்டினது புதுசா வெளிறித் தெரியும். தலையில எண்ணெய் வைக்காதீங்க, எண்ணெய் வைச்சா லைட்டில மயிர் ஒட்டிப் போய் நெத்தியும் மினுங்கும், முதல் நாள் முழுகிட்டு விடுங்க. முதல் நாள் இரவு கருவாடு, ஊறுகாய் மாதிரி உப்புச் சாமான் குறைங்க, விடிய கண்ணுக்குக் கீழ வீங்கும். நித்திரை முழிக்கப்படாது.

எனக்கு ஒருத்தரும் முந்திச் சொல்லாத ஒண்டு சன்ஸ்கிரீன் விசயம். சில சன்ஸ்கிரீன், சில ஃபவுண்டேசன்ல சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட் இருக்கும், வெயில்ல நல்லது ஆனா ஃப்ளாஷ் அடிக்கேக்க அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி முகம் மட்டும் வெள்ளையா கழுத்து கறுப்பா வரும். டால்கம் பவுடரும் அப்பிடித்தான், எங்கட நிறத்தில கண்ணாடியில பாக்க சரியா இருக்கும் படத்தில சாம்பல் நிறமா வரும். வேர்வைக்கு என்ன செய்யுறது எண்டு கேட்டன், ஏனெண்டா கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல இந்த ஊரில வீட்டு வாசல் தாண்ட முதலே நனைஞ்சிடும். அதுக்கு அக்கா வந்த உடன அரை மணித்தியாலம் ஏசிக்குள்ள இருக்க வைச்சு தண்ணி தந்து, பேந்து டிஷ்யூவால ஒத்தி எடுத்து, தோல் நிறத்துக்கே பொருந்துற பவுடர் லேசா நெத்தியிலயும் மூக்கிலயும் மட்டும் வைச்சு விட்டாங்க. தேய்க்கேல்ல, ஒத்தி ஒத்தித்தான் வைச்சாங்க.

அண்ணன் வெளியிலயும் எடுப்பார். கேக்கிற எல்லாருக்கும் டச்சு பேயில கடல் பின்னால வரோணும். அவர் சொல்லுறது எங்கட கடல் கிழக்கால, விடியக் காலமை சூரியன் கடல்ல இருந்து வரும், கடலுக்கு முதுகு காட்டி நிண்டா முகம் இருட்டு, கடலைப் பாத்து நிண்டா கண் கூசிச் சுருங்கும், எட்டு ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் உச்சிக்கு ஏற ஏற கண்ணுக்குக் கீழ நிழல் விழுந்து எல்லாரும் களைச்ச ஆக்கள் மாதிரித் தெரிவாங்க. வெளிய வேணும் எண்டா சூரியன் எழும்பின கையோட, இல்லாட்டி பின்னேரம் உட்துறைமுகப் பக்கம், இல்லாட்டி ஒரு பெரிய மர நிழல்ல வெளிச்சம் பக்கத்தால வாற இடம். அதோட காத்து, தலைமயிர் நிக்காது. ஏசிக்குள்ள இருந்த கமெராவை வெளிய எடுத்த உடன லென்ஸ்ல பனி பிடிக்கும் எண்டு முதலே பையை வெளிய வைச்சு சூடாக விடுவாராம். நாங்க அம்மாவைக் கொண்டு வெயிலுக்குள்ள திரிய ஏலாது எண்டு ஸ்டூடியோதான் எடுத்தம், அது நல்ல முடிவு.

உள்ளுக்கு ஒரு பெரிய சொஃப்ட்பொக்ஸ், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்க வெள்ளைத் துணி போட்ட லைட், பக்கவாட்டில கொஞ்சம் உயரத்தில, மற்றப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டர், அவ்வளவுதான். லென்ஸ் 85 மில்லிமீற்றர், அவர் ரெண்டு மீற்றருக்கு மேல தள்ளி நிண்டு எடுக்கிறார். போன்ல கைநீட்டு தூரத்தில எடுக்கிற செல்ஃபியில மூக்குப் பெருத்து காது உள்ளுக்குப் போறது அவ்வளவு கிட்ட நிண்டு எடுக்கிறதால, தூரம் கூடினா முகம் ஆக்கள் நேரில பாக்கிற மாதிரி வரும். இதைக் கேட்டதுக்குப் பிறகு எனக்கு என்ட முகத்தில இருந்த பாதிக் கவலை போச்சு. கன பேர் தங்கட மூக்குப் பெரிசு எண்டு நினைச்சுக் கொண்டிருக்கிறாங்க, அது போனோட வேலை.

அம்மான்ட கண்ணாடியில லைட் தெறிச்சுது. கழட்டுங்கோ எண்டு சொல்லேல்ல, கண்ணாடி இல்லாட்டி அது எங்கட அம்மா இல்ல. லைட்டை இன்னும் மேல ஏத்தி, கண்ணாடிக் காம்பை காதில இருந்து கொஞ்சமா உயத்தி கண்ணாடி கீழ பாக்கிற மாதிரி வைச்சார், தெறிப்பு போச்சு, கண்ணுக்குள்ள சின்ன வெளிச்சப் புள்ளி மட்டும் நிண்டுது. அந்தப் புள்ளி இல்லாட்டி கண்ணில உயிர் இருக்காதாம்.

அம்மா கமெராவைக் கண்ட உடன விறைச்சுப் போனா. எங்கட பெரியாக்கள் எல்லாருமே அப்பிடித்தான், பழைய படங்கள்ல ஒருத்தரும் சிரிக்கிறேல்ல. அண்ணன் அதுக்கு ஒரு கதை சொன்னார், படம் கண்டுபிடிச்ச காலத்தில ஆள் நிமிசக்கணக்கில அசையாம இருக்கோணும், ஜூலியா மார்கரெட் கேமரூன் எண்டு படம் எடுக்கிறதில பேர்போன ஒரு அம்மா 1875ல இலங்கைக்கு வந்து இங்க உள்ள ஆக்களையும் அப்பிடி இருக்க வைச்சுத்தான் எடுத்தவவாம், 1879ல இங்கயே இறந்து பொகவந்தலாவை சேர்ச்சில அடக்கம் பண்ணியிருக்காம். அம்மா அதைக் கேட்டுட்டு அவவுக்குப் பிள்ளைகள் இருந்ததா, தனியவா வந்தவ எண்டு கேக்கத் தொடங்கிட்டா, அந்தக் கதைக்குள்ளதான் அவர் எடுத்துக் கொண்டே இருந்தார். கடைசியா தெரிஞ்செடுத்த படம் அதில உள்ளதுதான், அம்மா ஆரையோ பத்திக் கரிசனையா கேக்கிற முகம், எங்களுக்கு அவ எப்பவும் காட்டுற முகம்.

எனக்குச் சொன்னது ஸ்டூல்ன்ட முன் விளிம்பில இருங்க, உடம்பைக் கொஞ்சம் பக்கம் திருப்பி முகத்தை மட்டும் கமெராவுக்குத் தாங்க, நாடியை முன்னுக்குத் தள்ளிக் கொஞ்சம் கீழ, மூச்சை விட்டுட்டு அப்ப பாருங்க. செய்யேக்க அந்தரமா இருக்கும், படத்தில தாடை வடிவா வரும். எடுக்க எடுக்க லப்டொப்ல பெரிசா விழுது, அக்கா பக்கத்தில நிண்டு தோள் மடிப்பு, சங்கிலிக் கொழுக்கி முன்னுக்கு வந்தது எல்லாம் அப்பவே பாத்துச் சரி பண்றாங்க.

இப்ப நிறத்தைப் பத்தி. இதுக்கு முதல் வேற ஒரு இடத்தில நான் எடுத்த படத்தில என்னைக் கேக்காமலே முகத்தை வெள்ளையாக்கித் தந்தவங்க, கை ஒரு நிறம் முகம் ஒரு நிறம், என்ட தங்கச்சி பாத்திட்டு இது ஆர் எண்டு கேட்டவ. அது எனக்குக் கோவம் மட்டும் இல்ல, கவலையும், ஏனெண்டா சின்னப் பிள்ளைகளுக்கும் அப்பிடித்தான் செய்து குடுக்கிறாங்க, ஏழெட்டு வயசுப் பிள்ளை தன்ட படத்தில தன்னைக் காணாது. இங்க அண்ணன்ட கதை வேற. கமெரா எல்லாத்தையும் நடுச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டு வரத்தான் பாக்கும், வெள்ளைத் திரையும் வெள்ளைச் சட்டையும் இருந்தா அதைக் குறைக்கப் போய் கறுத்த முகத்தை இன்னும் இருட்டாக்கும், அதுக்குப் பிறகு கொம்பியூட்டர்ல வெள்ளையாக்கி என்ன, வெளிச்சத்தை முகத்துக்கு அளந்து வைச்சா தோல் அதின்ட நிறத்திலயே மினுமினுப்பா வரும் எண்டார். ஃபிலிம் காலத்திலயே இந்தப் பிரச்சினை இருந்திருக்கு, கொடாக் கம்பெனி லேப்களுக்கு நிறம் சரிபாக்க அனுப்பின அட்டையில வெள்ளைக்காரப் பொம்பிளைன்ட படம்தான் இருந்தது, ஷேர்லி கார்ட் எண்டு சொல்லுவாங்க, அவவின்ட தோல் சரியா வந்தாக் காணும் எண்டு உலகம் முழுக்கப் படம் கழுவினவங்க, வேற நிற ஆக்களும் சேந்த அட்டை 1990கள்லதான் வந்தது. இவங்களட்ட எடிட்டிங் விதி ஒண்டு இருக்கு: கொஞ்ச நாள்ல தானா மாறிப் போற பரு, கீறல் எடுப்பாங்க, மச்சம், தழும்பு, சுருக்கம், நிறம் தொட மாட்டாங்க, தொடோணும் எண்டா நீங்க வாயால கேக்கோணும். அம்மான்ட நெத்தித் தழும்பு அப்பிடியே இருக்கு. அதுக்காகவே நான் இவங்களுக்கு முழு மார்க்ஸ் குடுப்பன்.

குறையும் இருக்கு. உடுப்பு மாத்துற அறை மிச்சம் சின்னது, சாறி உடுக்க ஒரு ஆள் நிக்கவே கஷ்டம், பிளீட் பிடிக்க அக்கா வெளிய நிண்டு கை நீட்டினாங்க. சாறி எண்டா வீட்டிலயே உடுத்திட்டு வாங்க. நாங்க இருக்கேக்க கரண்ட் போச்சு, லைட்டுக்கு பெற்றரி இருக்கு ஏசிக்கு இல்ல, அம்மாக்கு மூச்சு முட்டினது, வயசான ஆக்கள் போனா விடியத்து நேரம் கேளுங்க. ஃபைல் சொன்ன திகதிக்குப் பிந்தித்தான் வந்தது, ரெண்டு பேர்தான் எண்டு விளங்குது, ஆனா அவசரமா அப்ளிகேசன் போடுற ஆளுக்கு அது சரி வராது, போனிலயே திகதி கேட்டு உறுதிப்படுத்துங்க. காசு பாஸ்போர்ட் படத்தோட ஒப்பிட்டா கூடத்தான், பாதி முதல்லயே குடுக்கோணும். செலவழிச்ச நேரத்தைப் பாத்தா எனக்கு நியாயமாத்தான் பட்டுது.

ஃபைல் வாங்கேக்க ஒண்டு கவனியுங்க. வட்ஸ்அப்ல சும்மா படமா அனுப்பினா அது சுருக்கிப் போடும், டொக்கியுமெண்டா அனுப்பச் சொல்லுங்க இல்லாட்டி பென்ட்ரைவ்ல வாங்குங்க. லிங்க்ட்இன்னுக்கு 400க்கு 400 பிக்சல் இருந்தாலே காணும், ஆனா அது வட்டமா வெட்டும் அதால தலைக்கு மேல கொஞ்சம் இடம் விட்ட படத்தை எடுங்க. சுவர்ல மாட்டப் பிரிண்ட் போடுறது எண்டா அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கு, 8க்கு 10 அங்குலம் எண்டா 2400க்கு 3000 பிக்சல் வேணும். இவங்க ரெண்டு அளவும் வேற வேற ஃபோல்டர்ல போட்டுத் தந்தாங்க, கேக்கவே இல்ல.

வெள்ளிக்கிழமை எடுக்க மாட்டாங்க, கோயில் நாள். கலியாண முகூர்த்த நாள்கள்ல அண்ணன் வெளிய போயிடுவார். மற்றப்படி ஒரு கிழமைக்கு முதல் கதைச்சாக் காணும், அந்தக் கிழமை உங்களுக்கும் ஆயத்தத்துக்கு வேணும். நம்பர் வேணும் எண்டவங்க கேளுங்க, அவங்களட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு தாறன்.